டேங்குக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஆய்வு நிலையத்தில் சமையல் செய்தவரை எல்லாரும் டேங்க் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மழைக்காட்டின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். ஒரு முனையில் மாணவிகள் அறை, மறுமுனையில் மாணவர்கள் அறை, நடுவில் சாப்பாட்டு மேசை, அதை ஒட்டிச் சமையலறை. பின்னால் ஒரு மேட்டில் தண்ணீர்த் தொட்டி. அதுதான் டேங்க். அதைத் தாண்டினால் காடு. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், உச்சி தெரியாது.

காலையும் மாலையும் மோட்டார் போட்டு டேங்கை நிரப்புவது அண்ணனின் வேலை, அதனால்தான் அந்தப் பெயர் என்று நான் வந்த அன்று சொன்னார்கள். உண்மைக் காரணம் தெரியக் கொஞ்ச நாள் ஆனது. அவர் அந்த டேங்கைத் தாண்டிக் காலை எடுத்து வைத்ததே இல்லை. அவர் கையால் சாப்பிட்ட மாணவர்களில் சிலருக்கு வழுக்கை விழுந்து, அவர்களே இப்போது கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். அண்ணன் மட்டும் டேங்க் வரைதான். சாப்பாடு தயாரானால் டேங்க் பக்கத்தில் போய் நின்று, ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பார். காட்டுக்குள் எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் எங்கள் காதுக்கும் வயிற்றுக்கும் கேட்டுவிடும்.

காரணம் பயம்தான், வேறு ஒன்றுமில்லை. ஆளைப் பார்த்தால் கரடியையே தோளில் போட்டுக்கொண்டு வருவார் என்று தோன்றும். மீசை வேறு. ஆனால் பாம்பு என்றால் பயம், பூரான் என்றால் பயம், அட்டை என்றால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். தவளையைப் பார்த்தாலும் ஒதுங்கி நிற்பார். என் ஆராய்ச்சியோ தவளையைப் பற்றியது. ஓடிப் பிடிக்க வேண்டியிருக்காது என்று நம்பித்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அது எவ்வளவு தூரம் தாவும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டப்பாவும் கையுமாக நான் உள்ளே நுழைந்தால், “கண்ணு, அதை வெளியவே வச்சிட்டு வா. அதுக்கும் சேர்த்து நான் சமைக்கல” என்பார்.

மழைக்காட்டில் எதுவும் காயாது. துணி காயாது, பூட்ஸ் காயாது, குளித்த தலை மறுநாளும் ஈரமாகவே இருக்கும். பைனாகுலருக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதைத் துணியில் சுற்றி அண்ணனின் அரிசி டிரம்மில் புதைத்து வைப்போம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். “சோத்துல தோல் வாசனை அடிச்சா என்னைக் கேக்காதீங்க” என்று புலம்பிக்கொண்டேதான் அரிசி அளப்பார். ஒருநாள் என் தட்டில் விழுந்த சோற்றோடு ஒரு லென்ஸ் மூடியும் வந்தது. அதைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கழுவித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

சாயங்காலம் சேறும் சகதியுமாக வந்து, காலுறையை உருவி, ஒட்டியிருக்கும் அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தால் டீ உடனே வராது. அண்ணன் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். “பார்த்ததைச் சொன்னாத்தான் டீ” என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்குக் காட்டில் கண்டதில் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒன்றும் பார்க்கவில்லை என்றால் வெந்நீர். சும்மா சொன்னாலும் விடமாட்டார். “அது எந்தக் கைப்பக்கம் நின்னுச்சு? வாசனை வந்துச்சா? உன்னைப் பார்த்துச்சா, பார்க்காத மாதிரி போச்சா? அப்போ உன் கால் என்ன பண்ணுச்சு?” கால் பற்றிய கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. நாங்களும் வீரர்கள்போல, “கால் என்னண்ணே பண்ணும், நின்னுச்சு” என்போம். எங்கள் பேராசிரியர்கூட எங்களை இப்படிக் குடைந்ததில்லை. நான் மரநாயைப் பார்த்துவிட்டு வந்த அன்று கேள்வி முடிவதற்குள் கெட்டிலே காலியாகிவிட்டது. இவ்வளவு ஆர்வமுள்ள மனிதர் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்று நான் உருகிப் போனேன். என் உருக்கத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பேராசிரியர் தொலைபேசியில் சொன்ன நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. சமையலறைக்குப் பின்னால் குழாயடியில் நான் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார். 

“கண்ணு, எம் பொண்ணு வருது.”

“உங்களைப் பார்க்கவா?”

“படிக்க. அதுவும் உன்னை மாதிரி விலங்குப் படிப்புதான் படிக்குது. இங்கதான் வரணும்னு தானே எழுதிக் கேட்டிருக்கு. எனக்குச் சொல்லாம வச்சிருந்து ஆச்சரியப்படுத்தப் போகுதாம்.”

“நல்ல விஷயம்தானேண்ணே.”

“அதான் வினையே” என்றார். பிறகு பூட்ஸைப் பார்த்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார்.

இங்கே வருவதற்கு முன்னால் அவர் கீழே நகரத்தில் ஒரு விடுதிச் சமையலறையில் இருந்தார். மனைவி வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீரர். மாமனார் மலைப்பாதைகளில் லாரி ஓட்டியவர். பெரிய மச்சான் தீயணைப்பு நிலையத்தில் இருந்தார். சின்ன மச்சான் மின்கம்பம் ஏறுபவர். விடுமுறை நாளில் எல்லாரும் மாமனார் வீட்டில் சேர்ந்து சாப்பிட்டால் பேச்சு தொடங்கிவிடும். பிரேக் பிடிக்காத லாரியை மலைச்சரிவில் நிறுத்தியது, எரிகிற மாடியிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்தது, புயல் காற்றில் கம்பியில் தொங்கியது என்று வரிசையாக வரும். கடைசியில் மாமனார் திரும்பி, “மாப்பிள்ளை, உங்க பக்கம் என்ன விசேஷம்?” என்பார். விடுதிச் சமையல்காரருக்கு என்ன விசேஷம் இருக்கும்? “நேத்து சோறு குழைஞ்சிடுச்சு மாமா” என்று ஒருதடவை சொன்னாராம். வீடே சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

நிலையத்தில் சேர்ந்து முதல் விடுப்பில் போனபோதும் அதே கேள்வி வந்தது. அந்த வாரம்தான் ஒரு மாணவன் மலைப்பாம்பு ஒன்று மான்குட்டியை விழுங்கியதைப் பார்த்திருந்தான்.

“அந்தப் பையன் பார்த்தான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன் கண்ணு. நான் பார்த்தேன்னு வந்துடுச்சு. எல்லாரும் கை கழுவக்கூட எந்திரிக்கல. பாப்பா அப்போ சின்னது. மடியில வந்து உக்காந்து, முடியிற வரைக்கும் மீசையைப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் எப்படி நிறுத்துறது? ஒவ்வொரு வாட்டி போறப்பவும் வாசல்லயே நிக்கும். மிட்டாய் கேக்காது, பொம்மை கேக்காது. என்னப்பா பார்த்தீங்கன்னுதான் கேக்கும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “அண்ணே, என் மரநாய்?”

“அதுவும்தான்.”

“அதையும் விடலையா நீங்க?”

“நல்லா எடுபட்டுச்சு கண்ணு. பெரிய மச்சான் திரும்பச் சொல்லச் சொன்னாரு.”

எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லமாட்டேன்.

“ஊரே என்னைக் கோழைன்னு சொல்லட்டும், எனக்கென்ன” என்றார் அண்ணன். “பாப்பா வாயில இருந்து மட்டும் அந்த வார்த்தை வந்துடக் கூடாது.” அவ்வளவு பெரிய ஆள் குழாயடியில் குந்தியபடி அதைச் சொன்னபோது எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அன்றைக்கே மாணவர்கள் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினேன். பழைய கதை எதையும் மேசையில் எடுப்பதில்லை, அண்ணன் டேங்கைத் தாண்டாதவர் என்று யாரும் மூச்சு விடுவதில்லை என்று முடிவானது.

மகள் வந்தாள். அப்பாவின் உயரம், அப்பாவின் மூக்கு. பயம் மட்டும் அவர் பக்கத்திலிருந்து வரவில்லை. வந்த முதல் காலையிலேயே என் பூட்ஸிலிருந்து ஒரு தேளைக் குச்சியால் தட்டி எடுத்து, “இது ஒண்ணும் பண்ணாது” என்று ஜன்னல் வழியாகப் போட்டாள். நான் கட்டில் மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் அறையில்தான் அவளுக்கும் இடம். நான் அவள் அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“எங்கப்பா உனக்கு அண்ணன்னா, நீ எனக்கு யாரு?”

“அத்தை. மரியாதையா கூப்பிடு.”

அன்றிலிருந்து என்னைச் சீண்ட வேண்டும் என்றால் அத்தைதான்.

அவள் எடுத்துக்கொண்ட வேலை ஒரு அத்தி மரம். அது பழுத்திருக்கும்போது இருவாச்சிப் பறவை, மலை அணில், குரங்கு என்று யார் யார் விருந்துக்கு வருகிறார்கள், யார் எவ்வளவு நேரம் தின்கிறார்கள் என்று கீழே உட்கார்ந்து குறிக்க வேண்டும். பகலெல்லாம் மரத்தடி. சாயங்காலம் மேசைக்கு வந்தால், அன்று பார்த்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு அப்பாவின் கதைகளை எடுத்துவிடுவாள். நாங்கள் வாயைப் பிளந்து கேட்க வேண்டும். என் மரநாயை என்னிடமே சொன்னாள். அது வாழைப்பழத் தோலை என் தலையில் போட்டதுவரை, எல்லாம் அவள் அப்பாவுக்கு நடந்ததாக. “அப்படியா” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவளுக்கு ரொம்பப் பிடித்த கதை கரடிக் கதை. அப்பா ஊற்றுத் தண்ணீர் பார்க்கப் போனாராம். பாறைக்குப் பின்னாலிருந்து கரடி வந்து எழுந்து நின்றதாம். கையில் இருந்தது குடை மட்டும்தான். படாரென்று அதன் முகத்துக்கு நேராக விரித்தார். கரடி திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டது. குடையை மடக்கினார், கரடி எழுந்தது. மறுபடி விரித்தார், மறுபடி உட்கார்ந்தது. கை ஓயும்வரை மடக்கி விரித்து, கடைசியில் கரடிக்கே சலித்துப்போய்க் கிளம்பிப் போனது. “அப்பாவுக்குக் கால் ரெண்டும் கிடுகிடுன்னு நடுங்கிக்கிட்டே இருந்துச்சாம். கரடி போனதும் அங்கயே உக்காந்துட்டாராம், எந்திரிக்க முடியாம. ஒரு செருப்பைக் காணோம்” என்று முடிப்பாள். அண்ணன் சமையலறைக்குள் பாத்திரத்தை உருட்டுவார்.

பாறையைக் காட்டுங்கள் என்று அவள் கேட்காத நாளில்லை. ஒருநாள் முழங்கால் வலி, ஒருநாள் மோட்டார் பழுது, ஒருநாள் பால் அடுப்பில். பால் பொங்கி அடங்கி ஆறி அதில் ஏடு படிந்த பிறகும் அவருக்குப் பால் அடுப்பில்தான் இருந்தது. எப்படியோ சமாளித்துவிடுவார் என்றே நினைத்தோம்.

ஆனால் பழைய சீனியர் ஒருவர் வந்தார். வழுக்கை விழுந்தவர்களில் ஒருவர். பக்கத்தில் ஏதோ கூட்டத்துக்கு வந்தவர், பழைய இடத்தைப் பார்க்கலாம் என்று பிஸ்கட் டப்பாவோடு டீ நேரத்தில் வந்து இறங்கினார். எங்களுக்கு அவரைத் தனியே இழுத்துச் சொல்லக்கூட அவகாசம் இல்லை. “அண்ணே, பார்த்ததைச் சொன்னாத்தானே டீ? என் பழைய கதையையே சொல்றேன், கேட்டுக்கோங்க பசங்களா” என்று ஆரம்பித்தார். கரடி, பாறை, குடை. மேசைக்கு அடியில் நான் அவர் காலை உதைத்தேன். எதிரே இருந்தவனும் உதைத்தான். அவர் பூனை என்று நினைத்தாரோ என்னவோ, காலை மடக்கிக்கொண்டு தொடர்ந்தார்.

அண்ணன் கெட்டிலோடு நிலைப்படியில் நின்றார். மகள் அசையாமல் கேட்டாள். கதை முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்போ உங்க கால் என்ன பண்ணுச்சு சார்?”

“கால் என்னம்மா பண்ணும்? பயந்தா காட்டுக்கு வர முடியுமா? நான் விசில் அடிச்சுக்கிட்டே நடந்து வந்தேன்.”

அண்ணன் வந்து அவருக்கு டீ ஊற்றினார். கோப்பை நிறைந்து, சாசர் நிறைந்து, மேசையில் ஓடி சீனியரின் மடியில் சொட்டும்வரை ஊற்றினார். மகள் தன் கோப்பையை முழுவதும் குடித்தாள். “டீ நல்லா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசியதெல்லாம் உப்பு, தண்ணீர், போதும் என்ற மூன்று வார்த்தைகள்தான். உப்பு என்று அவள் கேட்டதே வியப்பு, ஏனென்றால் அவர் எல்லாவற்றிலும் இரண்டு தடவை போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் அவர் யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. எதுவும் சொல்லாமலே எல்லாருக்கும் டீ கிடைத்தது, யாருக்கும் அது ருசிக்கவில்லை.

காட்டுக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. அவளுடைய அத்தி மரத்துக்குத் துணை போக என்னைப் போட்டார்கள். மேலே இருவாச்சிகள் இறக்கை அடித்து வரும்போது பெரிய விசிறியை வீசுவதுபோல் சத்தம் கேட்கும். அவள் தலை நிமிர்ந்து பார்க்காமல், அந்தச் சத்தத்தை வைத்தே குறித்துக்கொண்டிருந்தாள். நான் மெல்ல ஆரம்பித்தேன்.

“உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொல்லியிருக்காரு.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?”

“ஸ்கூல்ல ஒருத்தி எங்கப்பா பொய் சொல்றாருன்னா. நான் அவ பின்னலைப் பிடிச்சு இழுத்து, ரெண்டு பேரும் வெளிய முட்டி போட்டோம். இப்போ அவளைப் பார்த்தா நான் என்ன சொல்லணும்? மன்னிப்புக் கேக்கணுமா?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்கிட்ட மட்டுமாவது ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல.”

 வானம்தான் பதில் சொன்னது. மழைக்காட்டில் மழை முதலில் மேலே பெய்யும். இலைகளில் சோவென்று இரைச்சல் கேட்கும், நமக்கு ஒரு சொட்டு விழாது. கொஞ்ச நேரத்தில் மொத்தமும் ஒரேயடியாகக் கீழே இறங்கும். பையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தோம். வழியில் காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை, பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. தாண்ட முடியாது. மேட்டு வழியாகச் சுற்றி வரலாம் என்று ஏறினோம். மழை நின்றது, பனிமூட்டம் வந்தது. மத்தியான நேரம்தான், ஆனாலும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பக்கம் போவது என்று இருவருக்கும் புரியவில்லை. ஒத்துக்கொள்ளத்தான் இருவரும் தயாராக இல்லை.

அப்போதுதான் தட்டுச் சத்தம் கேட்டது. டங், டங், டங் என்று ஒரே சீராக, சாப்பாட்டுக்கு அடிப்பதைவிட வேகமாக. அவள் நின்றுவிட்டாள்.

“அப்பா” என்றாள்.

சத்தம் வந்த திசையில் இறங்கினோம். அது மங்கினால் நிற்பதும், தெளிந்தால் நடப்பதுமாகக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். எனக்கு முன்னால் போனவள் சட்டென்று என் சட்டையைப் பிடித்தாள். பாதையில் இடது பக்கம் ஒரு பாறை இருந்தது. பாறை மூச்சு விட்டது.

காட்டெருமை. தனி ஆண். அவ்வளவு பக்கத்தில் நான் எந்தப் பெரிய விலங்கையும் பார்த்ததில்லை, பார்க்க விரும்பியதும் இல்லை. உடம்பு நனைந்து கறுப்பாக மின்னியது. ஈர மாட்டுத்தொழுவ வாசனை. முழங்காலுக்குக் கீழே நாலு கால்களும் வெள்ளை. அட்டை ஏறாமலிருக்க நாங்கள் போடும் வெள்ளைக் காலுறையை அதுவும் போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. சிரிப்பு வரவில்லை. அது எங்களைப் பார்த்தது. பார்க்காத மாதிரியெல்லாம் இல்லை, நன்றாகப் பார்த்தது. மூக்கால் ஒரு தடவை சீறியது. அவள் என்னை இழுத்துக்கொண்டு அடி அடியாகப் பின்வாங்கி, ஒரு பெரிய மரத்தின் வேர் மடிப்புக்குள் நுழைந்தாள். அங்கே இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். நடுங்கியது அவளா நானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கீழேயிருந்து தட்டுச் சத்தம் விடாமல் கேட்டது. காட்டெருமை ஒரு காதை அந்தப் பக்கம் திருப்பியது, மறு காதையும் திருப்பியது. இந்த இழவு எப்போது ஓயும் என்று கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் போய்விட்டது.

மகளுக்கு ஆபத்து என்றதும் அண்ணன் பயத்தை உதறிவிட்டுக் காட்டுக்குள் பாய்ந்து வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நாங்கள் இறங்கி வந்தபோது அவர் டேங்கின் சிமெண்ட் மேடைக்குக் கட்டடத்துப் பக்கமேதான் நின்றிருந்தார். மழையில் தொப்பலாக நனைந்து, மீசை தொங்கி, கையில் தட்டு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. மழை பிடித்ததிலிருந்து அங்கேயே நிற்கிறார், உள்ளே கூப்பிட்டால் வரவில்லை என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். எங்களைப் பார்த்த பிறகும் இன்னும் நாலு தடவை அடித்தார். கைக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“வர முடியல பாப்பா” என்றார். “கால் வரல.”

அவள் தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “டீ குடுங்கப்பா” என்றாள்.

“பார்த்ததைச் சொன்னாத்தான்...” வழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு! ஈர உடையோடு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு ஆர்வம் பொறுக்கவில்லை. எந்தக் கைப்பக்கம், என்ன வாசனை, பார்த்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் தயங்கித் தயங்கி அந்தக் கேள்விக்கும் வந்தார்.

“அப்போ உன் கால் என்ன பண்ணுச்சு?”

“நடுங்குச்சுப்பா. நிக்கவே முடியல.”

“ஆமா” என்றார் அண்ணன். “நடுங்கும்.” அந்தக் கேள்விக்கு ஒருவர் உள்ளதைச் சொல்ல அவர் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கோப்பை வழிய வழிய டீ ஊற்றினார்.

அறைக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

“தாத்தா லாரிக் கதை சொல்வாரு, மாமாங்க தீ, கரண்ட்டுன்னு சொல்வாங்க. ஒருத்தருக்கும் பயமே வராது. அந்த சீனியர் சாரும் அதேதான். அப்பா கதையில மட்டும்தான் கால் நடுங்கும், செருப்பு காணாம போகும். சின்ன வயசுல அதனாலதான் நான் அதை நம்பினேன்.” துண்டைக் கொடியில் போட்டாள். “கதையெல்லாம் உங்களோடது அத்தை. பயம் மட்டும் அவரோடது.”

பருவம் முடிந்து விடுமுறைக்குக் கிளம்பியபோது என்னையும் வீட்டுக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனாள். அண்ணனும் விடுப்பில் எங்களோடு பேருந்தில் வந்தார்.  மாமனார் வீட்டு முன்னறையில் சுவரில் ஒரு பழைய லாரி ஸ்டியரிங் மாட்டியிருந்தது, அதற்குப் பக்கத்து ஆணியில் தீயணைப்புத் தலைக்கவசம். தரையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். அவளுடைய சின்ன மாமா மின்கம்பத்தில் தேன்கூடு இருந்ததைச் சொன்னார். பெரிய மாமா கிணற்றுக்குள் இறங்கியதைச் சொன்னார். அண்ணன் கெட்டிலை எடுத்துவரும் சாக்கில் எழுந்து போனார். அவர் திரும்பி வந்தபோது தாத்தா பேத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்போ நீயும் காட்டுக்காரி ஆயிட்டியே. சொல்லு, என்ன பார்த்தே?”

அண்ணன் கெட்டிலோடு நிலைப்படியில் நின்றார். சீனியர் வந்த அன்று நின்றது போலவே.

“நான் என்னத்தைப் பார்த்தேன் தாத்தா” என்றாள் அவள். “பார்த்ததெல்லாம் அப்பாதான். ஒருநாள் ஓடையில வெள்ளம், ஊரெல்லாம் பனிமூட்டம். அப்பா மேட்டு வழியா இறங்கி வர்றாரு. இடது கைப்பக்கம் ஒரு பாறை. பாறை மூச்சு விடுது.”

பெரிய மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அவள் காட்டெருமை முழுவதையும் சொன்னாள். வெள்ளைக் காலுறை, தொழுவ வாசனை, வேர் மடிப்பு, எதையும் விடவில்லை.  அவள் அண்ணாந்து, “அப்போ உங்க கால் என்னப்பா பண்ணுச்சு? நீங்களே சொல்லுங்க” என்றதும் அண்ணன் ஓரடி உள்ளே வந்தார்.

“கால் ரெண்டும் நடுங்குச்சு” என்றார். “மரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.”

அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதில் கேலி இல்லை. சின்ன மாமாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

“அதெல்லாம் சரி. அவரு காட்டுக்குள்ள காட்டெருமையோட நின்னப்போ நீ எங்கம்மா இருந்தே?”

“நானா?” என்றாள். “டேங்க் கிட்ட நின்னு தட்டு அடிச்சுக்கிட்டு இருந்தேன் மாமா. அதைத் தாண்டி வரத்தான் எனக்குப் பயம். வேணும்னா அத்தையைக் கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். மரநாயைக் கொடுத்தவளுக்குக் காட்டெருமையைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?  அண்ணன் குனிந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், அவளில் தொடங்கி எல்லாருக்கும் டீ ஊற்றினார்.